படம் உதவி: இணையம்

எடுத்துவிடலாம் என்று சங்கரவடிவு காலையிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ நினைத்தாள். எடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. பதிவைத் திறந்து, படத்தைத் தொட்டு, நீக்கு என்று சொன்னால் நீங்கிவிடும், கணினி ஏன் எதற்கு என்று கேட்காது. ஆனால் பதினொரு மணிக்கு அந்த ஆள் கூப்பிடும்போது படம் இருந்தால் இன்னும் வச்சிருக்கியளா என்று கேட்பான், இல்லாவிட்டால் பயந்து எடுத்துட்டியளாக்கும் என்று கேட்பான், இரண்டுக்கும் அவளிடம் பதில் கிடையாது. மணி பத்தரை. வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் இந்நேரம் கிளை நூலகர் சங்கரவடிவு மறைந்துபோய், ‘வடிவு பக்கம்’ என்ற வலைப்பூவின் சொந்தக்காரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அடுத்த பதிவைத் தட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் காலைத் தொங்கவிடவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. நேற்றுச் சாயங்காலம் பதிவின் அடியில், ‘கண்கள் குளமாகிவிட்டன சகோ’ என்பதற்கும் ‘இவனுங்களை எல்லாம் நடுரோட்டில் கட்டிவைக்கணும்’ என்பதற்கும் நடுவில் அது வந்து உட்கார்ந்திருந்தது. ‘மேடம் படத்தில் இருப்பது எங்க அம்மா. நான் அவங்களுக்கு ஒரே பையன். உங்க நம்பர் தரவும். மாசானம்.’ அவ்வளவுதான். ஒரு ஆச்சரியக்குறி இல்லை, ஒரு வசவு இல்லை. திட்டியிருந்தால் தேவலை, திட்டுகிறவனுக்குப் பதில் சொல்ல ஒன்பது வருடப் பழக்கம் இருக்கிறது. ஒரே பையன் என்று அவன் எதற்காக எழுத வேண்டும்? எதற்காக என்று அவளுக்குத் தெரியும். பதிவில் அவள் எழுதியிருந்தது மூன்று மகன்களைப் பெற்று மூவராலும் கைவிடப்பட்ட ஒரு தாயைப் பற்றி. படத்தில் இருந்தவளோ இவனுடைய தாய். படிக்கிறவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் இருப்பார்களா. காலையில் ஏழு மணிக்கு நம்பரைக் கொடுத்தாள், ஏழேகாலுக்குப் பதில் வந்துவிட்டது, பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கணவர் சண்முகநாதன் கேட்டார், “நம்பரை எதுக்குக் குடுத்தே? படத்தை எடுத்துட்டு ஸாரின்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. இப்ப அவன் கேஸு கீஸுன்னு வந்தான்னா உன் வேலைக்குத்தான் கேடு.” மின்வாரியத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவருக்கு எதுவும் ஃபியூஸைப் பிடுங்கினால் சரியாகிவிடும். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேஸ் என்ற சொல் மட்டும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கேஸ் எப்படி வரும்? அரசு ஊழியர், ஏழைப் பெண்மணியின் படத்தை அனுமதியில்லாமல், அவதூறு பரப்பும் வகையில். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு போட்டால் போதுமே. அந்த அலுவலர் பதிவெல்லாம் படிக்கமாட்டார், ஆனால் மனுவைப் படிப்பார். அவள் சமையலறைக்குப் போய்ப் பருப்பு வெந்துவிட்டதா என்று பார்த்தாள், குக்கர் இன்னும் ஒரு விசில்கூட அடிக்கவில்லை, முருங்கைக்காயை நறுக்கலாம் என்று கத்தியை எடுத்தவள் ஈரக்கையோடு மறுபடியும் மேசைக்கு வந்து, படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. எங்கே போகும். நான் என்ன திருடியா என்று அவளுக்கு ஒரு வீறாப்பு வந்தது. ஊரில் எவன் சொந்தப் படம் போடுகிறான். எழுதத் தொடங்கிய முதல் வருடம் அவள் படமே போட்டதில்லை, படித்ததும் பன்னிரண்டு பேர்தான், அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். அப்புறம் ஒரு புண்ணியவான் வந்து, ‘மேடம் படம் போடுங்க, வெறும் எழுத்தாப் பாத்தா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டாள். பன்னிரண்டு அறுபதாயிற்று, அறுபது முந்நூறாயிற்று. அன்றிலிருந்து எழுதுவது ஒரு மணி நேரம் என்றால் படம் தேடுவது ஒன்றரை மணி நேரம். மழை என்றால் கண்ணாடியில் வழியும் நீர். தாய்மை என்றால் ஒரு சின்னக் கையைப் பிடித்த பெரிய கை. தனிமை என்றால் கடலைப் பார்த்து நிற்கும் பெண்ணின் முதுகு, அந்த முதுகை மட்டும் எட்டுத் தடவை போட்டிருக்கிறாள், அவள் யார், எந்தக் கடல், அவள் தனியாகத்தான் நின்றாளா, பக்கத்தில் புருஷன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றானா, யாருக்குத் தெரியும். பதிவின் அடியில் மறக்காமல் ‘படம் உதவி: இணையம்’ என்று போட்டுவிடுவாள். அப்படிப் போட்டால் மனசுக்கு ஒரு நாணயம். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். இணையம் என்பவர் யாரோ பெரிய மனிதர் மாதிரியும், வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தாம்மா எடுத்துக்கோ என்று அள்ளிக் கொடுப்பவர் மாதிரியும். ஒருமுறை சொதி செய்முறை எழுதி ஒரு சொதிப் படத்தைப் போட்டபோது தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி, ‘அக்கா, அது என் வீட்டு வெங்கலச் சட்டி, அடியில நசுங்கியிருக்கும் பாருங்க’ என்று எழுதினாள். பார்த்தால் நசுங்கித்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்து, சிநேகிதமாகி, பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சட்டிக்கு மகன் கிடையாது. அதனால் சிரிக்க முடிந்தது.

முதல் விசில் அடித்தது. அவள் எண்ணிக்கொண்டாள், ஒன்று. எண்ணாவிட்டால் மறந்துபோகும், இந்த நிலைமையில் பருப்பு கருகினால் அதற்கு வேறு சண்முகநாதனிடம் பேச்சு வாங்க வேண்டும். இந்தப் படம் கிடைத்த அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. ஆஸ்பத்திரி, வயதான பெண், காத்திருத்தல் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தேடியபோது முதலில் வந்ததெல்லாம் வெள்ளைக்காரக் கிழவிகள், சுத்தமான படுக்கை, பூச்சாடி. பூச்சாடியை வைத்துக்கொண்டு எவள் கைவிடப்பட்டாள் என்று நம்புவார்கள். நாலாவது பக்கத்தில் இவள் வந்தாள். சிமெண்டுப் பெஞ்சு. முழங்கால்மேல் தூக்குச்சட்டி, சட்டிமேல் இரண்டு கை, கைமேல் தாடை. கண் மட்டும் வராந்தாவின் கோடிவரைக்கும் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பின்னால் சுவர், கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி ஒரு காலத்தில் வெள்ளை. ஆவணியில் வடிவு படுத்துக் கிடந்த பெரியாஸ்பத்திரியின் அதே பச்சை. அடி, கிடைச்சிட்டாடி என்று வாய்விட்டே சொன்னாள், ஆள் யாருமில்லாத வீட்டில். அதே பச்சையாக இருக்கிறதே, அதே ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்த மனுஷியும் இந்த ஊர்க்காரியாகத்தானே இருப்பாள் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. தோன்றிய வேகத்தில் போய்விட்டது. படத்தின் வலதுபக்க மூலையில் சின்ன வெள்ளை எழுத்தில் எடுத்தவன் பேர் இருந்தது. அது கண்ணை உறுத்தியது. அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் பேரைப் பார்த்துவிட்டால் இது எவனோ எடுத்த படம் என்று தெரிந்துவிடும், பதிவின் உருக்கம் போய்விடும். ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டினாள். அழகுக்குத்தான் வெட்டினாள். இன்றைக்குக் காலையிலிருந்து அந்தப் பேரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள், முதலெழுத்துக்கூட வரவில்லை. எடுத்தவன் யாரென்று தெரிந்தால் அவனை நோக்கிக் கையையாவது காட்டலாம். மறுபடியும் தேடிப்பார்த்தாள், அதே சொற்களைப் போட்டு. முதலில் வந்து நின்றது அவளுடைய பதிவேதான். இரண்டாவது, அவள் பதிவை அப்படியே நகலெடுத்துத் தன் பேரில் போட்டிருந்த ஒரு மகராசனின் பக்கம். அவனும் கீழே படம் உதவி: இணையம் என்று போட்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பொய் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் அவளுடைய பக்கத்து நியாயம், அதை மாசானத்திடம் எப்படிச் சொல்வது என்றுதான் வாக்கியத்தை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். சார், கட்டுரை உண்மை, படம் மட்டும்தான், இல்லை, தம்பி, நான் எழுதினது வேற ஒரு அம்மாவைப் பத்தி, உங்கம்மா படம் ஒரு அடையாளத்துக்கு, அடையாளமா, யாருடைய அடையாளம், இல்லை, அதையும் சொல்லக்கூடாது. ஆவணி மாதம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு எட்டு நாள் பெண்கள் வார்டில் கிடந்தாள். பதின்மூன்றாம் நம்பர் பெட். பதினாலில்தான் அவள் பதிவில் எழுதிய கிழவி. மற்ற எல்லாப் பெட்டுக்கும் கீழே ஒரு பாயும், பாயில் ஒரு மகளோ மருமகளோ தங்கச்சியோ இருந்தார்கள், பதினாலுக்குக் கீழே செருப்புக்கூட இல்லை. சாயங்காலம் பார்வையாளர்களை விடும் நேரத்தில் வார்டே கல்யாண வீடாகும், இட்லிப் பொட்டலம் பிரிக்கும் வாசனையும் பிள்ளைகளின் சத்தமும். அந்த நேரம் மட்டும் கிழவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வடிவுக்கு அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் தையல் போட்ட இடம் இழுக்கும். இரண்டு தடவை பிஸ்கட் கொடுத்தாள். ஒருதடவை சண்முகநாதன் கொண்டுவந்த பாலில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். கிழவிக்கு வாய் குழறும், பேச்சு பிடிபடாது, ஏதோ கேட்டால் ஏதோ ஒரு சத்தம் வரும். “பிள்ளைக இருக்காகளா?” என்று ஆறாம் நாள் கேட்டாள். கிழவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினாள். மூன்று. மூன்று பேர் இருந்துமா என்று வடிவு நினைத்தாள். அந்த இடத்திலேயே பதிவின் முதல் வரி வந்துவிட்டது, மூன்று பேரைச் சுமந்த வயிறு இங்கே தனியாகக் கிடக்கிறது. கைபேசி தலையணைக்கு அடியில்தான் இருந்தது, கிழவியை ஒரு படம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. சீக்காளியைப் படம் எடுத்துப் போடுகிற ஜாதி அவள் இல்லை. பதிவிலேயே அதைச் சொல்லியும் இருக்கிறாள், ‘அந்தத் தாயின் முகத்தைக் காட்டி அவளை மேலும் அவமதிக்க விரும்பவில்லை’ என்று. அந்த வரிக்கு நேர் மேலேதான் மாசானத்தின் அம்மா தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது விசில். அவள் இப்போதுதான் அந்த வரியையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தாள், எழுதிப் பதினொரு நாள் ஆனபிறகு. முகத்தில் சூடு ஏறியது. ஆயிரத்து நூறு பேர் பகிர்ந்திருக்கிறார்களே, ஒருத்தருக்குமா தோன்றவில்லை. தோன்றாது. அவளுக்கே தோன்றவில்லை. பகிர்ந்தவர்களையாவது விடலாம். மூன்று நாளைக்கு முன்னால் நாத்தனாரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் படம் மட்டும் தனியாக வந்தது, எழுத்தெல்லாம் போய், வடிவு என்ற பேரும் போய், கீழே பெரிய சிவப்பு எழுத்தில் ‘பெற்ற தாயை ஆஸ்பத்திரியில் வீசிய மகன்கள், இவர்களைக் கண்டால் பகிரவும்’ என்று. நாத்தனார் அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள். அப்போது வடிவுக்கு வந்த எரிச்சல் தன் பேரைப் போடவில்லையே என்பதுதான். என் எழுத்தைத் தின்னுட்டானுங்களே என்று சண்முகநாதனிடம் சண்டைக்குப் போகிற மாதிரி சொன்னாள். இவர்களைக் கண்டால் பகிரவும். கண்டிருக்கிறார்கள் போல. மாசானம் எந்த ஊர், என்ன தொழில், ஒன்றும் தெரியாது, ஆனால் அவன் ஊரில் ஒரு டீக்கடை இருக்கும், அங்கே நாலு பேரிடம் கைபேசி இருக்கும், அதில் ஒன்று மாசானம் வரும்போது திறந்தே இருக்கும். ஏலே, இது உங்கம்மையில்லா. அவன் என்ன சொல்லியிருப்பான். அவனுக்குக் கல்யாண வயசில் மகள் இருந்தால்? மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருந்தால்? பெத்த தாயையே இப்படி வச்சிருக்கவன் வீட்டிலயா பெண் எடுக்கது என்று எழுந்து போயிருந்தால்? அவள் எழுந்து நின்றுவிட்டாள். தன் பதிவின் அடியில் திட்டியிருந்தவர்களுக்கெல்லாம் அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறாள். ‘இவனுங்களுக்கு நல்ல சாவு வராது’ என்று ஒருவர், ‘உணர்வுக்கு நன்றி தோழர்’ என்று இவள். நல்ல சாவு வராது என்றதற்கு நன்றி. அந்தச் சாபம் யாருடைய வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது, கேஸுக்கும் மனுவுக்கும் பயந்த மாதிரி இல்லை, வேறு மாதிரி.

எடுத்துவிடலாம். நீக்கு என்பதைத் தொட்டாள். நிச்சயமாகவா என்று கேட்டது. கணினி கேட்காது என்று நினைத்திருந்தாள், கேட்டுவிட்டது. கேட்டதும் கை நின்றுவிட்டது. எடுத்துவிட்டு வேறு என்ன படத்தைப் போடுவது என்ற எண்ணம் அந்த நேரத்திலும் தலைகாட்டியதை நினைத்து அவள் தன்னையே காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் தலைகாட்டியது. வெறும் சுவர் போடலாம். காலிக் கட்டில் போடலாம். காலிக் கட்டிலுக்கு யாரும் வந்து என் அம்மா என்று சொல்ல மாட்டார்கள். மணி பத்து ஐம்பத்திரண்டு. கிழவி இப்போது எங்கே இருப்பாள் என்ற கேள்வி வந்தது, வந்த உடனே முருங்கைக்காய் ஞாபகம் வந்து நறுக்கப் போனாள். நறுக்கும்போது மறுபடியும் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த அன்றைக்கு ஆட்டோ வந்துவிட்டது என்று சண்முகநாதன் அவசரப்படுத்தினார், பையை எடுத்தாயா சீட்டை எடுத்தாயா என்று. கிழவி இந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். வாரேன் என்று வடிவு சொன்னாள். போகிறேன் என்று சொல்லக்கூடாதே, அதனால் வாரேன் என்று சொன்னாள். கிழவி கையைத் தூக்கினாள், ஆசீர்வாதமா, நில்லு என்றா, எத்தனை விரல், அதெல்லாம் அவள் பார்க்கவில்லை. தையலைப் பிரிக்க ஒரு தடவை போனாள், பிரிக்கிற இடம் கீழே, வார்டு மாடியில். படியேற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். மூன்றாவது விசில் அடித்தது, அடுப்பை அணைத்தாள், கைபேசியும் அடித்தது, மணி பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கிறதே என்று அவளுக்குக் கோபம் வந்தது, சொன்ன நேரத்துக்கு முன்னால் கூப்பிடுவது என்ன பழக்கம்.

“வடிவு மேடங்களா?” நாற்பது வயதுக் குரல். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தமும் ஒரு கோழியும். “மாசானம் பேசுதேன். புளியங்குடிப் பக்கம். லோடு ஆட்டோ ஓட்டுதேன்.” அடுக்கிவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன. “தம்பி, நான் வேணும்னு பண்ணல, அது வேற ஒரு அம்மாவைப் பத்தி, உங்க அம்மான்னு எனக்குத் தெரியாது, இப்பவே எடுத்திருதேன், மன்னிச்சிருங்க, எல்லாரும் பாக்குற மாதிரி மன்னிப்பு எழுதிப் போடுதேன்.” “நான் வட வாங்கப் போயிருந்தேன் மேடம்” என்றான். “அஞ்சு நிமிசம். அம்மைக்குப் பசி தாங்காது, சுகரு. வெளிய போயி வட வாங்கிட்டு வாரதுக்குள்ள எவனோ எடுத்துருக்கான். மாசாமாசம் நாந்தான் கூட்டிட்டுப் போறேன், ஒரு மாசம் தப்புனது கெடையாது. ஒரு வாரமா ஸ்டாண்டுல எவனும் முகங்குடுத்துப் பேச மாட்டேங்கான். எம் மச்சினன் திருப்பூருல இருந்து போன் போட்டு ஏசுதான், எங்கத்தைய எங்கல கொண்டு போட்டேன்னு. உங்கத்தை என் பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்காவன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான். போட்டோ பொய் சொல்லுமாங்கான்.” “எடுத்திருதேன் தம்பி” என்று மட்டும் வடிவு மறுபடியும் சொன்னாள். “எடுங்க. எடுத்தாலும் போனது போனதுதான். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்னு சொல்ல வந்தேன், யாருகிட்ட போயி கேப்பிய, அதுவும் இருக்கு.” அவன் குரல் தணிந்தது. “நான் ஏசணும்னுதான் நம்பரு கேட்டேன் மேடம். நேத்து ராத்திரி நீங்க எழுதுனது பூராத்தையும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். அதுலேருந்து உங்ககூடப் பேசணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. இந்தா, குடுக்கேன்.”

மூச்சு முதலில் வந்தது, அப்புறம்தான் குரல் வந்தது. “ஏம்மா, நீதான் எழுதுனியா?” ஆமாம்மா என்று வடிவு சொன்னாள். “என் பேரு மாடத்தி. போட்டாவுல இருக்கேன்லா, அது நாந்தான்.” அதில் ஒரு வெட்கமும் கொஞ்சம் பெருமையும் இருந்ததைக் கேட்டு வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அம்மா, என்னை மன்னிச்சிருங்க. உங்க முகத்தை நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது.” மாடத்தி அதைத் தள்ளிவிட்டாள். “அது கெடக்கு. நான் வட எங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன், நீ அதப் பாத்து என்னமோ நெனச்சிட்ட. எம் பிள்ள இருக்கான் எனக்கு, ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது. நான் அதுக்குக் கூப்பிடல. அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?” எந்தப் பொம்பளை என்று வடிவு கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டாள், ஒரு மூச்சு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. “உன் பக்கத்துப் பெட்டுல கெடந்தவதான். செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவான்னு எழுதியிருக்கியே. அத வாசிக்கையில எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிட்டு. அவ தேறிட்டாளா? யாரும் வந்து கூட்டிட்டுப் போனாவளா?” தெரியாதும்மா என்று வடிவு சொன்னாள். வாரேன்னு சொல்லிவிட்டு வந்தேன் என்று சொல்லவில்லை. “சரி, தெரியாட்டா என்ன. நான் வார வியாழக்கெழம மாத்திர வாங்க அந்தப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வாரேன். மேல ஏறிப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். கஞ்சி கொண்டு போறேன், தொவையல் அரச்சுக்கிடுதேன். நாதியத்துக் கெடக்கவளுக்கு ஒருவாய் கஞ்சி குடுத்தா எனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது. பேரச் சொல்லு.”

பேர். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும், அதில் மையால் நம்பரும் அதற்குக் கீழே பேரும் எழுதியிருப்பார்கள், எட்டு நாளும் அது கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது, காலையில் நர்சு வந்து அதைத் தூக்கிப் பார்த்து உரக்கக்கூட வாசிப்பாள். நர்சின் வளையல் ஞாபகம் வருகிறது. அட்டையின் ஓரத்தில் காப்பிக் கறை ஞாபகம் வருகிறது, அதைப் பதிவில் எழுதியும் இருக்கிறாள். பேர் வரவில்லை. வெட்டி எறிந்த பேரைத் தேடுகிற மாதிரி இல்லை இது, இந்தப் பேரை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. “பேரு கேக்கலம்மா” என்றாள். கோழி சத்தம் கேட்டது. “எட்டு நாளு பக்கத்துல கெடந்தேன்னு எழுதியிருக்கியே.” ஆமாம்மா. “சரி, நம்பராவது தெரியுமா?” வடிவு அவசரமாக, ஏதோ பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்துவிட்டவளாக, “பதினாலு, பதினாலாம் நம்பர் பெட்” என்றாள். “அது ஆச்சேம்மா ரெண்டு மாசம். இப்பம் அதுல வேற எவளாவதுல்லா கெடப்பா.” அப்புறம் மாடத்தியே சமாதானம் சொன்னாள், “பரவால்ல, நர்சுமாருகிட்ட அடையாளஞ் சொல்லிக் கேட்டுக்கிடுதேன். மூணு மவனப் பெத்தவன்னு சொன்னா தெரியாமலா இருக்கும். மூணும் மவனுகதானே, அவளே சொன்னால்லா?” ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். ஆனால் வியாழக்கிழமை இந்த மனுஷி கஞ்சிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவாள், இருக்கிறார்களா என்றே தெரியாத மூன்று மகன்களின் தாயைத் தேடி ஒவ்வொரு கட்டிலாக நிற்பாள். “சொல்லலம்மா” என்றாள் வடிவு. தன் குரல் தனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னாள். “அவ சொல்லல. பிள்ளைக இருக்கான்னு கேட்டேன், மூணு விரலக் காட்டுனா, அவ்வளவுதான். மகனா மகளா, இருக்காவளா செத்துட்டாவளா, ஒண்ணும் தெரியாது. மத்ததெல்லாம் நானா எழுதினது.” சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். ஏசுவாள் என்று நினைத்தாள், ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள். மாடத்தி ஏசவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டாள்.

“அப்பம் நான் அவள யாருன்னு சொல்லித் தேடிப் போக?”